சூரியன் மறையாத நாடும் அபூ ரைஹான் அல்பீரூனி அவர்களும்

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாக நீண்டு கிடக்கும் நம் வடசென்னைப் பகுதியில் துறைமுகத்தையும் கப்பலையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் கப்பலேறிச் சென்று, ஆறு மாதம், ஒன்பது மாதம் கழித்து ஊர் திரும்புகிறார்கள். அப்படித் திரும்பிய ஓர் இளைஞர் ஒருநாள் இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து தாம் கண்டதைச் சொன்னார். ஜூன் மாதத்தில் அவருடைய கப்பல் நார்வே நாட்டின் வடகோடிக்குப் போயிருந்தது. அங்கே நடுநிசியிலும் சூரியன் மறையவில்லை. கடலுக்கு மேலே தாழ்ந்து வந்து, மறையாமலேயே மறுபடி மேலே ஏறிவிட்டது என்றார்.

கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. இரவை ஓய்வுக்காகவும் பகலை உழைப்புக்காகவும் அல்லாஹ் படைத்திருக்கும்போது இரவே இல்லாத ஊர் எங்கே இருக்க முடியும், இதெல்லாம் ஈமானைக் கெடுக்கும் கதை என்று கடிந்துகொண்டார். இளைஞர் வாயை மூடிக்கொண்டார். உண்மையில் அவர் கதை சொல்ல வரவில்லை. ஒரு மஸ்அலா கேட்க வந்தவர். சூரியன் மறையாத ஊரில் மஃரிபை எப்போது தொழுவது என்பதே அவர் உள்ளத்தை அரித்துக்கொண்டிருந்த கேள்வி. அதைக் கேட்காமலேயே எழுந்து போய்விட்டார்.

இதே வழக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் கஜினி நகரத்தில், சுல்தான் மஹ்மூதின் அரச சபையில் நடந்திருக்கிறது. அன்று உண்மையை விளக்கி, ஒரு மனிதரைப் பெரும் பழியிலிருந்து மீட்டவர் அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்பீரூனி (ரஹ்) அவர்கள். அன்னாரின் வாழ்க்கையை நம் இல்லங்களில் உள்ள ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் அறிந்திருப்பது அவசியம் என்று கருதி இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

அல்பீரூனி அவர்கள் ஹிஜ்ரி 362, துல்ஹஜ் பிறை 3-ல், அதாவது கி.பி. 973 செப்டம்பர் 4-ல், குவாரிஸ்ம் நாட்டின் காத் நகரில் பிறந்தார்கள். இன்று அது உஸ்பெகிஸ்தானைச் சேர்ந்த பகுதி. அரச குடும்பத்தைச் சேர்ந்த கணித மேதை அபூ நஸ்ர் மன்ஸூர் இப்னு இராக் என்பவர் அவர்களுக்கு ஆசிரியராக வாய்த்தார். பதினேழு வயது அளவிலேயே, பாகைகள் குறித்த ஒரு வளையத்தைக் கொண்டு நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து, தம் ஊர் பூமியின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கே இருக்கிறது என்பதைக் கண்டறிந்தார்கள்.

கி.பி. 997 மே மாதத்தில் ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்தது. அதற்கு முன்பே அவர்கள் பக்தாதில் இருந்த அறிஞர் அபுல் வஃபாவுடன் ஏற்பாடு செய்துகொண்டார்கள். இவர் காத் நகரில் இருந்தும் அவர் பக்தாதில் இருந்தும் ஒரே கிரகணத்தைப் பார்த்தார்கள். அவரவர் ஊர் நேரத்தைக் குறித்து ஒப்பிட்டபோது ஏறத்தாழ ஒரு மணி நேர வித்தியாசம் தெரிந்தது. ஒரு மணிக்கு 15 பாகை என்பது கணக்கு. ஆகவே இரண்டு ஊர்களுக்கும் இடையே கிழக்கு மேற்காக உள்ள தூரத்தைக் கண்டுவிட்டார்கள். தொலைபேசியும் தந்தியும் இல்லாத காலத்தில் வானத்து நிலவையே கடிகாரமாக வைத்து இரு முஸ்லிம் அறிஞர்கள் செய்த காரியம் இது.

ஆனால் அன்னாரின் வாழ்க்கை அமைதியாக ஓடவில்லை. இளமையிலேயே உள்நாட்டுப் போரினால் ஊரை விட்டு ஓட நேர்ந்தது. பின்னர் கி.பி. 1017-ல் சுல்தான் மஹ்மூது குவாரிஸ்மைக் கைப்பற்றியபோது அங்கிருந்த அறிஞர்களோடு அவர்களும் கஜினிக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். மறு ஆண்டு அக்டோபரில் காபூலுக்கு அருகே ஒரு கிராமத்தில் பெரும் துன்ப நிலையில் இருந்தார்கள். கையில் அளவுக் கருவி எதுவும் இல்லை. அப்போதும் மனம் சோரவில்லை. கணக்குப் போடும் பலகையின் மேல் வட்டத்தின் ஒரு பகுதியை வரைந்து, பாகைகளைக் குறித்து, ஒரு நூலில் கனத்தைக் கட்டித் தொங்கவிட்டு, அதைக் கொண்டே சூரியனின் உயரத்தை அளந்தார்கள். கருவி இல்லை, வசதி இல்லை என்று காரணம் சொல்லிக் கல்வியைக் கைவிடும் நம் பிள்ளைகளுக்கு இது ஒரு பாடம்.

இனி அந்தச் சபை நிகழ்ச்சிக்கு வருவோம். வரலாற்றாசிரியர் யாகூத் அல்ஹமவி அவர்கள் இதைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். தூரத்துத் துருக்கியர் நாட்டிலிருந்து வந்த தூதர் ஒருவர் சுல்தானிடம் தம் பயணத்தைப் பற்றிச் சொன்னார். கடலுக்கு அப்பால், துருவத்தின் திசையில், சூரியன் தன் சுற்று முழுவதையும் பூமிக்கு மேலேயே சுற்றி முடிப்பதையும், அங்கே இரவே இல்லாமல் போவதையும் தாம் கண்டதாகக் கூறினார். மார்க்கப் பற்றில் கடுமையானவரான சுல்தான், இவன் வழிகெட்ட கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று உடனே முடிவு கட்டிவிட்டார். அந்தக் காலத்தில் அந்தப் பழி உயிருக்கே ஆபத்தானது.

அப்போது அரசவை எழுத்தர் அபூ நஸ்ர் மிஷ்கான் குறுக்கிட்டார். இந்த மனிதர் தம் கொள்கையைச் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார் என்று நிதானமாக எடுத்துரைத்தார். சூரியனுக்கும் தங்களுக்கும் இடையே மறைப்பு எதுவும் இல்லாத ஒரு கூட்டத்தாரைத் துல்கர்னைன் கண்டதாகத் திருக்குர்ஆனின் கஹ்ஃபு அத்தியாயம் கூறுவதையும் நினைவூட்டினார். சுல்தான் அல்பீரூனி அவர்களின் பக்கம் திரும்பிக் கேட்டார். அவர்கள் சுருக்கமாகவும் மனம் கொள்ளும்படியும் விளக்கினார்கள். சுல்தானும் ஏற்றுக்கொண்டார், பேச்சு அத்துடன் முடிந்தது.

சுல்தான் மஹ்மூது கி.பி. 1030-ல் காலமானார். அவருடைய மகன் மஸ்ஊது வான சாஸ்திரத்தில் ஆர்வம் உள்ளவர். பூமியின் பல பாகங்களில் இரவும் பகலும் ஏன் கூடிக் குறைகின்றன என்று ஒருநாள் அவரே கேட்டார். கண்ணால் காணாத ஒன்றுக்குத் தெளிவான ஆதாரம் வேண்டும் என்றார். அல்பீரூனி அவர்கள் வான சாஸ்திரக்காரர்களின் கடினச் சொற்களைத் தவிர்த்து, யாவருக்கும் புரியும்படி இரவு பகலின் அளவைப் பற்றி ஒரு நூல் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு இயக்கங்களின் விளைவுகளைப் பற்றி, திருக்குர்ஆன் வசனங்களை நிறைய எடுத்தாண்டு மற்றொரு நூலும் எழுதினார்கள்.

அந்த இரண்டு இயக்கங்கள் எவை? ஒன்று, நாள்தோறும் நடக்கும் சுழற்சி. மற்றொன்று, ஆண்டுதோறும் நடக்கும் சுற்று. அல்பீரூனி அவர்கள் பூமி அசையாமல் நிற்கிறது என்ற அக்காலக் கருத்தையே முடிவில் கொண்டிருந்தார்கள். ஆயினும் இந்திய நூல்களைக் கற்றபோது பூமியே சுழல்கிறது என்று ஆரியபட்டரின் வழிவந்தோர் சொல்வதை அறிந்தார்கள். அதை எள்ளி நகையாடவில்லை. பூமி சுழல்வதாக வைத்துக்கொண்டாலும் வானக் கணக்குகளுக்குக் குறைவு எதுவும் வராது என்று நேர்மையோடு எழுதி வைத்தார்கள். இரண்டு இயக்கங்களும் பூமிக்கே உரியவை என்பது இன்று சந்தேகமற நிலைநாட்டப்பட்ட உண்மை.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஓர் எலுமிச்சம் பழத்தின் நடுவே கோணி ஊசியைக் குத்தி மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கச் செய்யுங்கள். அறையின் நடுவே ஒரு விளக்கை வையுங்கள். ஊசியை நேராகப் பிடிக்காமல் ஒரு சுவரைப் பார்த்துச் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். அந்தச் சாய்வை மாற்றாமல், எப்போதும் அதே சுவரைப் பார்த்தபடியே விளக்கைச் சுற்றி வாருங்கள். பழத்தை ஊசியின் மேல் உருட்டுவது ஒரு நாள். விளக்கை ஒரு முறை சுற்றி வருவது ஓர் ஆண்டு.

ஊசியின் மேல் முனை விளக்கின் பக்கம் சாய்ந்திருக்கும் இடத்தில் நின்று பழத்தை உருட்டுங்கள். எத்தனை முறை உருட்டினாலும் மேல் முனையைச் சுற்றியுள்ள பாகம் வெளிச்சத்திலேயே இருக்கும். கீழ் முனை இருட்டிலேயே இருக்கும். இதுதான் ஜூன் மாதத்து வடதுருவம். நேர் எதிர்ப்புறம் போய் நில்லுங்கள். இப்போது மேல் முனை இருட்டு, கீழ் முனை வெளிச்சம். இது டிசம்பர். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள இரண்டு இடங்களில் ஊசி விளக்கின் பக்கமும் சாய்வதில்லை, விலகியும் சாய்வதில்லை. அங்கே பழத்தின் எந்தப் பாகமும் பாதிச் சுற்று வெளிச்சத்திலும் பாதிச் சுற்று இருட்டிலும் கழிக்கிறது. மார்ச் 20 அல்லது 21, செப்டம்பர் 22 அல்லது 23 ஆகிய சமராத்திரி நாட்கள் இவையே. உலகம் முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகும் நாட்கள்.

பூமியின் அச்சு இன்று 23 பாகை 26 கலை சாய்ந்திருக்கிறது. இந்த அளவு நூற்றாண்டுகளில் மிக மெல்லக் குறைந்து வருவது. அல்பீரூனி அவர்கள் தம் காலத்தில் கண்ட அளவு 23 பாகை 35 கலை. அந்தக் காலத்துக்கு உரிய உண்மை அளவுக்கு இது ஒரு கலை அளவே வேறுபடுகிறது. தொலைநோக்கி பிறப்பதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் கிடைத்த துல்லியம் இது!

இந்தச் சாய்வினால்தான் வடக்கே 66 பாகை 34 கலையைத் தாண்டிய ஊர்களில் கோடையில் சூரியன் மறையாத நாட்களும் குளிர்காலத்தில் உதிக்காத நாட்களும் வருகின்றன. துருவத்திலேயே ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு. நார்வேயின் ட்ரோம்சோ துறைமுகத்தில் மே மாதப் பிற்பகுதியிலிருந்து ஜூலை மாதப் பிற்பகுதி வரை சூரியன் மறைவதில்லை. ஆகவே நம் இளைஞர் சொன்னது கதையல்ல.

நமது கரையோ 13 பாகையில் இருக்கிறது. இங்கே மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 53 நிமிடம். மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 22 நிமிடம். வித்தியாசம் ஒன்றரை மணி நேரமே என்பதால் நமக்கு அது உறைப்பதில்லை. ஆனால் திருவொற்றியூர்க் கடற்கரையில் ஸுபுஹுக்குப் பின் நின்று பார்ப்பவர்களுக்குத் தெரியும். சமராத்திரி நாளில் சூரியன் நேர் கிழக்கே கடலிலிருந்து எழும். ஜூனில் அதற்கு 24 பாகை வடக்கே தள்ளி, எண்ணூர்ப் பக்கமாக எழும். டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளி எழும். பெரியவருக்குக் கோபம் மூட்டிய அந்தச் சாய்வு நம் கண் முன்னாலேயே நாள்தோறும் தன்னைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

இதை அறிவதால் அமலுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். அல்பீரூனி அவர்கள் நிழல்களைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதினார்கள். அதில் லுஹருக்கும் அஸருக்கும் நிழலைக் கொண்டு வக்து காண்பதை விரிவாக ஆராய்ந்தார்கள். நாமும் செய்து பார்க்கலாம். ஒரு மீட்டர் கோலை நேராக நட்டால், வடசென்னையில் சமராத்திரி நாளின் நண்பகலில் அதன் நிழல் 23 சென்டிமீட்டர் வடக்கே விழும். டிசம்பர் 21, 22-ல் 74 சென்டிமீட்டர். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களையொட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் நிழலே இராது. ஜூன் 21-ல் நிழல் 18 சென்டிமீட்டர், அதுவும் தெற்கே விழும். ஷாஃபி மத்ஹபின்படி இந்த நண்பகல் நிழலோடு ஒரு மீட்டர் கூடினால் அஸர். இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்களின் பிரபலமான சொல்லின்படி இரண்டு மீட்டர் கூடினால் அஸர். பள்ளிவாசலில் தொங்கும் தொழுகை நேர அட்டவணை மாதத்துக்கு மாதம் ஏன் மாறுகிறது என்பது இப்போது விளங்கும்.

அந்த நூலிலேயே ஒரு நிகழ்ச்சி வருகிறது. தொழுகை வக்தைக் காட்டும் ஒரு கருவியில் ரோமர்களின் மாதங்கள் பொறிக்கப்பட்டிருந்தன என்பதற்காக ஒருவர் அதை ஏற்க மறுத்தார். சூரியக் கணக்குக்கு அந்த மாதங்களே வசதி என்பதால்தான் அவை இடம் பெற்றிருந்தன. ரோமர்களும்தான் உணவு உண்கிறார்கள், கடைவீதியில் நடக்கிறார்கள், அவற்றையும் விட்டுவிடுவதுதானே என்ற பொருளில் அல்பீரூனி அவர்கள் அவருக்குப் பதில் கொடுத்தார்கள். பயனுள்ள அறிவு எங்கிருந்து வந்தாலும் அதை வணக்கத்துக்குத் துணையாக்கிக்கொள்ளலாம் என்பதே அன்னாரின் நெறி.

கிப்லாவும் இதில் சேர்ந்தது. ஊர்களின் இருப்பிடத்தைக் கணிப்பது பற்றி கி.பி. 1025-ல் முடித்த நூலில் கஜினி நகருக்குரிய கிப்லாவைக் கணக்கிட்டுத் தந்தார்கள். இன்று பாகிஸ்தானில் உள்ள நந்தனாக் கோட்டைக்கு அருகே ஒரு மலையின் உயரத்தையும், உச்சியிலிருந்து பார்க்கும்போது அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்பதையும் அளந்து பூமியின் அளவையே கணக்கிட்டார்கள். நம் சென்னைக்குக் கிப்லா நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து சுமார் 18 பாகை வடக்கே சாய்ந்தது. சமராத்திரி நாளில் சூரியன் மறையும் இடம் நேர் மேற்கு. அங்கிருந்து 18 பாகை வடக்கே திரும்பினால் கிப்லா. இன்னும் எளிய வழியும் உண்டு. மே 27, 28 தேதிகளில் நம் நேரம் பிற்பகல் 2 மணி 48 நிமிடத்துக்கும், ஜூலை 15, 16 தேதிகளில் 2 மணி 57 நிமிடத்துக்கும் சூரியன் கஃபாவின் நேர் உச்சியில் நிற்கும். அந்த நேரத்தில் சூரியன் இருக்கும் திசையே நமக்குக் கிப்லா. வீடு கட்டுவோர் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அல்பீரூனி அவர்கள் சமஸ்கிருதம் கற்று, இந்திய மக்களின் கல்வியையும் வழக்கங்களையும் பற்றிக் காய்தல் உவத்தல் இன்றிக் கி.பி. 1030 அளவில் ஒரு பெருநூல் எழுதினார்கள். சுல்தான் மஸ்ஊதின் பெயரால் கானூனுல் மஸ்ஊதி என்ற மாபெரும் வான நூலையும் எழுதினார்கள். அதற்கு அன்பளிப்பாகச் சுல்தான் ஒரு யானைச் சுமை வெள்ளி அனுப்பினார். தமக்கு அது தேவையில்லை என்று கஜானாவுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆண்டில் இரண்டு பண்டிகை நாட்களைத் தவிர அன்னாரின் கை எழுதுகோலையும், கண் நூலையும், உள்ளம் சிந்தனையையும் பிரிந்ததில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஹிஜ்ரி 440 (கி.பி. 1048) அளவில் அன்னார் மரணப் படுக்கையில் இருந்தார்கள். மூச்சு திணறிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு மார்க்கச் சட்ட அறிஞர் பார்க்க வந்தார். வாரிசுரிமைச் சட்டத்தில் பாட்டிமார் பங்கு பற்றிய ஒரு மஸ்அலாவை அவர் முன்பு சொல்லியிருந்தார். அதை மறுபடி விளக்கும்படி அல்பீரூனி அவர்கள் கேட்டார்கள். இந்த நிலையிலா என்று வந்தவர் இரங்கினார். அறியாமல் உலகை விட்டுப் போவதைவிட அறிந்துகொண்டு போவது மேல் அல்லவா என்ற கருத்தில் பதில் வந்தது. அவர் விளக்கினார், இவர்கள் மனத்தில் பதித்துக்கொண்டார்கள். விடைபெற்றுத் தெருவில் நடக்கும்போதே வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

சாகும் தறுவாயிலும் ஒரு மஸ்அலாவைக் கேட்டறிந்தவர் அவர். கேட்க வந்த மஸ்அலாவைக் கேட்காமலேயே எழுந்து போனவர் நம் இளைஞர். அவரைப் போன்ற பிள்ளைகளுக்கு உரிய பதில் ஹதீஸிலேயே இருக்கிறது. தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஓர் ஆண்டைப் போல நீளும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தபோது, அந்த நாளில் ஒரு நாளுக்குரிய தொழுகை போதுமா என்று ஸஹாபாக்கள் கேட்டார்கள். போதாது, நேரத்தை மதிப்பிட்டுத் தொழ வேண்டும் என்பதே அண்ணலார் தந்த விடை. இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இதைக் கொண்டே, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் இரவும் பகலும் பிரிந்து தெரியும் ஊரில் அவை நீண்டாலும் குறைந்தாலும் அந்தந்த வக்திலேயே தொழ வேண்டும் என்றும், சூரியன் மறையாத அல்லது உதிக்காத ஊரில், இரவு பகல் பிரிந்து தெரியும் அருகிலுள்ள ஊரின் நேரத்தை வைத்து மதிப்பிட்டு ஐந்து வேளையும் தொழ வேண்டும் என்றும் இக்கால மார்க்க அறிஞர் அவைகள் தீர்ப்பளித்துள்ளன. நோன்புக்கும் இதுவே வழி. கப்பலேறும் பிள்ளைகள் புறப்படும் முன்பே ஓர் ஆலிமிடம் விவரமாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம் ஊரில் காணாதது உலகில் இல்லை என்று ஆகிவிடாது. கண்டதைச் சொன்ன ஒருவரை வழிகேடர் என்று சொல்லும் முன், அபூ நஸ்ர் மிஷ்கானைப் போல ஒரு கணம் நிதானிப்போம்; அறிந்தவரிடம் கேட்போம். நம் பிள்ளைகள் மார்க்கக் கேள்விகளோடு பள்ளிவாசல் திண்ணைக்கு வரும்போது, அவர்கள் கேட்டுவிட்டுப் போகும்படி நாம் நடந்துகொள்ள வேண்டும்.

சூரியனையும் சந்திரனையும் கணக்கின்படி இயங்கச் செய்த வல்ல ரஹ்மான், அந்தக் கணக்கை அறிந்து வக்து தவறாமல் தொழும் நல்லடியார்களின் கூட்டத்தில் நம் அனைவரையும் நம் சந்ததிகளையும் சேர்த்தருள்வானாக! கடல் கடந்து உழைக்கும் நம் பிள்ளைகளை நலமாக ஊர் சேர்ப்பானாக! ஆமீன்.